எண்பத்தாறு சென்டிமீட்டருக்கு உட்பட்டவர்கள்

கள்ளக்குறிச்சியில் கடை திறந்ததிலிருந்து அரசாங்கம் என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறது. பெயர்ப்பலகை எத்தனை அடி நீளம், குப்பையை எங்கே கொட்டுகிறீர்கள், தீயணைக்கும் சிலிண்டர் ஏன் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். "இந்தச் சட்டை ஆணா, பெண்ணா?" என்று கேட்டது மட்டும் அதுதான் முதல் தடவை.

எங்களுடையது குழந்தைகள் துணிக்கடை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம். காதுகுத்து, முதல் பிறந்தநாள், பள்ளிக்கூடச் சீருடை என்று வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். சில வருடங்களாக ஒரு புதுத் தொந்தரவு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ மாமாவோ யாரோ ஒரு குழந்தைக்குச் சட்டை அனுப்பிவிடுவார்கள். அந்தத் தெருவிலுள்ள மற்ற தாய்மார்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, "இதே மாதிரி குடுங்க" என்பார்கள். திருப்பூரில் இதே மாதிரி தைத்து வாங்கி வைத்தேன். தொட்டுப் பார்ப்பார்கள், லேபிளைத் திருப்பிப் பார்ப்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். துணியில் குறையில்லை. கடல் தாண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, கடல் தாண்டியே வரட்டும் என்று நினைத்தேன். சென்னையில் நடந்த ஒரு வியாபாரக் கண்காட்சியில் தாய்லாந்துக்காரர் ஒருவரைப் பார்த்துப் பேசி, பதினான்கு பெட்டிக் குழந்தைச் சட்டைக்கு ஆர்டர் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திருப்பூர் பஸ்ஸுல அஞ்சு மணி நேரம். அத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு கப்பல்ல கொண்டாரணும்?"

"கப்பல்ல வந்தாதான வாங்குறாங்க?"

அவர் மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருந்து, பின்னால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

சரக்கு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் போன் செய்தார். சுங்க அலுவலகத்தில் நமக்காக அலைந்து சரக்கை எடுத்துத் தருவது அவர் தொழில். நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்து எப்போதும் மாடிப்படி ஏறிக்கொண்டே இருப்பவர் என்று நினைத்துக்கொள்வேன்.

"மேடம், தவளப் படம் போட்ட சட்ட ஒண்ணு இருக்குதே, அது பையனுக்கா, பொண்ணுக்கா?"

"யாரு வேணா போட்டுக்கலாங்க."

"அப்டிலாம் கோடு கெடையாது மேடம். ஒண்ணு பையன் கோடு, இல்லன்னா பொண்ணு கோடு."

பிறகு எனக்கு வரிப் புத்தகத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண் உண்டு. பனியன் துணிக்கு ஓர் அத்தியாயம், தறியில் நெய்த துணிக்கு இன்னோர் அத்தியாயம். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் வலதின் மேல் ஏறி மூடினால் பையன், வலது பக்கம் இடதின் மேல் ஏறினால் பெண். நானும் வீட்டுக்காரரும் கண்காட்சியில் வாங்கி வந்த சாம்பிள் சட்டையைக் கண்ணாடி முன்னால் பிடித்துக்கொண்டு நின்றோம். அதில் முன்பக்கம் திறப்பே இல்லை. தோளில் இரண்டு பொத்தான், அவ்வளவுதான்.

"ரெண்டும் இல்லன்னா?" என்று ஏஜென்ட்டைக் கேட்டேன்.

"கண்டுபிடிக்க முடியலன்னா பொண்ணுன்னு போடணும். ரூல் அப்டிதான் இருக்குது."

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டுவிட்டார். "நம்மூர்ல சந்தேகம்னு வந்தா ஆம்பளைக்கிதான எழுதுவாங்க? பத்திரம், பட்டா எல்லாம்? இது மட்டும் எப்டி பொம்பளைக்கு வந்துது?" வரி கட்டுகிற விஷயம், அதனால் வந்திருக்கும் என்றேன்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருப்பதாக ஏஜென்ட் சொன்னார். மிகச் சிறிய குழந்தைகளின் துணிக்குத் தனி எண். அதில் ஆண், பெண் கேள்வியே கிடையாது. வரியும் கம்மி. பெரிய பிள்ளைகளின் துணியில் உருப்படிக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்ச வரி இருக்கிறது. என்னுடையது போன்ற விலை மலிந்த சட்டைக்கு அதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

"சின்னக் கொழந்தன்னா எத்தினி வயசு வரிக்கும்?"

"வயசு கணக்கு இல்ல மேடம். ஒயரம். எம்பத்தாறு சென்டிமீட்டர். அதுக்குள்ள இருந்தா கொழந்த. தாண்டிட்டா பையன், இல்லன்னா பொண்ணு."

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டது. எண்பத்தாறு சென்டிமீட்டர் வரை அரசாங்கத்துக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான். எண்பத்தேழாவதில்தான் பாகுபாடு ஆரம்பிக்கிறது. எங்கள் ஊரில் மருத்துவமனை வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

என் சட்டைகள் மூன்று அளவில் வந்திருந்தன. லேபிளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டிருக்கும். ஒன்றும் இரண்டும் கேள்வியில்லாமல் குழந்தைத் துணியாகிவிட்டன. மூன்றாம் எண் சிக்கிக்கொண்டது. பதினான்கு பெட்டியில் ஒன்பது பெட்டி அதுதான். மூன்று என்றால் மூன்று வயது, மூன்று வயதுப் பிள்ளை எண்பத்தாறைத் தாண்டியிருக்கும், ஆகவே இது குழந்தைத் துணி அல்ல என்று அதிகாரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு வரலாம்.

ஆதாரம்தானே என்று கடைச் சுவரில் டெய்லர் டேப்பை ஒட்டினேன். மூன்று வயதுப் பிள்ளையோடு யார் வந்தாலும், சட்டை காட்டுவதற்கு முன் சுவரோரம் நிறுத்தி அளந்து நோட்டில் எழுதினேன். புதுக் கடைகளில் இப்படி ஏதோ வழக்கம் வந்திருக்கிறது போல என்று முதல் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நைனார்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் பிள்ளையின் தலைமுடியை அழுத்திவிட்டு அளப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்குங்க அமுக்குறீங்க? எம்புள்ள ஒசரந்தான். அவுங்க அப்பாவும் ஒசரம். டேய், நிமுந்து நில்றா!"

பையன் குதிகாலைத் தூக்கினான். நான் காலை அழுத்தினேன். அந்த அம்மா பையனின் மோவாயைத் தூக்கினார். தொண்ணூற்றிரண்டு. அந்த அம்மா வெற்றிகரமாக என்னைப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போனார். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் எனக்கு எதிராக வளர்ந்திருந்தார்கள்.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் துணி வாங்க வசதி உள்ளவங்க. புள்ளைங்க வளரத்தான செய்யும்?" என்றார் வீட்டுக்காரர். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வசதி இல்லாத இடத்துப் பிள்ளைகளைத் தேட வேண்டும் என்று நான் அதில் ஒரு யோசனையை எடுத்துக்கொண்டேன்.

கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரின் அங்கன்வாடி டீச்சர் என் வாடிக்கையாளர். மலைக்காரர்தான். மகனுக்குத் துணி எடுக்க மாதம் ஒரு முறை இறங்கி வருவார். அந்தத் தடவை வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"எம்பத்தாறா? எங்க சென்டர்ல மூணு முடிஞ்சும் அத்தத் தாண்டாத புள்ளைங்க இருக்குதுங்களே அக்கா."

"எத்தினி பேரு?" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் புதையல் இருக்கிறது என்று சொன்னவரைக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் சாம்பிள் சட்டையையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறினேன். அது லேபிளில் மூன்று போட்ட சட்டை. வெள்ளிமலையிலிருந்து டீச்சரின் ஊருக்கு ஆட்டோவில் பாதித் தூரம், நடந்து மீதித் தூரம். வழியெல்லாம் மரவள்ளிக் காடு. சென்டர் ஒரே அறை. சுவரில் பழங்களும் மிருகங்களும் வரைந்திருந்தார்கள். மூலையில் பிள்ளைகளை அளக்க ஒரு பலகை.

டீச்சர் பதிவேட்டைக் காட்டினார். எல்லாப் பிள்ளையின் உயரமும் அழகான கையெழுத்தில் இருந்தது. நான் தேடி வந்த மூன்று வயதுக்காரர்கள் எல்லாம் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று இருந்தார்கள்.

"டீச்சர், தாண்டலன்னு சொன்னீங்களே?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இது எழுதுற ஒயரங்க்கா. செல்லுல ஏத்தணும். கம்மியா ஏத்துனா செவப்பு காட்டும். செவப்பு ஜாஸ்தியானா போன் மேல போன் வரும். ஏன் கொறையல, நீ இன்னா செஞ்சிகினு இருக்கன்னு. மொதல்ல உள்ளதத்தான் ஏத்திகினு இருந்தேன். தாங்க முடியலக்கா. ஒண்ணு ரெண்டு சேத்துப் போட்டேன். போன் நின்னுபோச்சி."

அந்த அறையில் அன்று எங்கள் நிலைமையை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஓர் ஆபீசுக்காகப் பிள்ளைகளை உயரமாக்கி வைத்திருந்தார் டீச்சர். இன்னோர் ஆபீசுக்காக அவர்களைக் குட்டையாகவே வைத்திருக்க நான் மலையேறி வந்திருந்தேன். பிள்ளைகள் என்னவோ சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

உண்மை உயரத்தை அளந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். நான்கு பேரை அளந்தோம். ஒருவன் எண்பத்தேழு. இரண்டு பேர் எண்பத்தைந்து. நான்காவதாக ஒரு பெண் குழந்தை. மூன்று வயது நான்கு மாதம். ஒரு கையில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறி நின்றாள்.

"எம்பத்திமூணு!" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். கை தட்டவில்லை, அதுவரைக்கும் மிச்சம்.

அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மரவள்ளிக் காட்டில் கூலிவேலை முடித்து அப்படியே வந்திருக்கிறார், கையெல்லாம் மண். "நல்லா இருக்குதாங்க?" என்று கேட்டார், என் சந்தோஷத்தைப் பார்த்து.

சாம்பிள் சட்டையை எடுத்துக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். துறைமுகம், பெட்டி, எண்பத்தாறு எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இவ வளந்துட்டா உங்க சட்டைக்கி வரி ஜாஸ்தியாங்க?"

"அப்டி இல்லம்மா..."

"வளராம இருந்தா கம்மி."

கிண்டலாகக் கேட்கவில்லை. புரிந்துகொண்டது சரியா என்று கேட்டார். சரிதான். எந்தப் படிப்பும் இல்லாமல் சுங்கச் சட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். ஒரு பிள்ளை வளரவில்லை என்று அந்த மலையில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதற்கு நூற்றுப் பதினைந்து ரூபாய் ஆட்டோக் கூலியும் கொடுத்திருந்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகச் சட்டையை அந்தப் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அவள் சட்டையின் வயிற்றுப் பக்கமிருந்த தவளைப் படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். வியாபாரிப் புத்தி அப்போதும் விடவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, மூன்றாம் எண் சட்டை, எண்பத்து மூன்று சென்டிமீட்டர். இதைவிட ஆதாரம் வேறு என்ன வேண்டும்?

இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று டீச்சரைக் கேட்டேன்.

"எழுதிக் குடுத்தா ரெண்டு ஆபீசுக்கும் நான்தான்க்கா பதில் சொல்லணும்" என்றார். நான் நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு நோட்டும் போட்டோவுமாகப் போனேன். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாக உட்காரச் சொன்னார். மேசையில் என் தவளைச் சட்டை ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையோடு இருந்தது, கொலை வழக்கில் கத்தி இருப்பதுபோல். ஏஜென்ட்டை அன்றுதான் நேரில் பார்த்தேன். உண்மையாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் பேசினேன். எங்கள் மாவட்டத்தில் மூன்று வயது முடிந்தும் எண்பத்தாறை எட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள், நானே அளந்தேன், இதோ பாருங்கள் என்றேன். அதிகாரி போட்டோவை வாங்கி நன்றாகப் பார்த்தார்.

"மேடம், நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா இந்தச் சட்டையை எந்தக் குழந்தை போட்டுக்குதுங்கறது விஷயமே இல்ல. எந்த உயரத்துக்காகத் தச்சாங்கங்கறதுதான் விஷயம். தயாரிப்பாளர் அளவுப் பட்டியல் இருக்கா?"

நான் ஏஜென்ட்டைப் பார்த்தேன். ஏஜென்ட் என்னைப் பார்த்தார். ஐந்து வாரமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் தைத்தவரைக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. வராந்தாவுக்கு வந்து தாய்லாந்துக்காரருக்குப் போனில் ஒரு செய்தி போட்டேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது.

மூன்று என்பது வயது இல்லை. மூன்றாவது அளவு, அவ்வளவுதான். எதிரில் உயரம் போட்டிருந்தது: எண்பது முதல் எண்பத்தாறு வரை. அதற்கும் எதிரில் வயது. பதினெட்டு மாதம்.

அதிகாரி பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அப்போ பிரச்னையே இல்ல மேடம். குழந்தைத் துணிதான். ஜெயிச்சிட்டீங்க." ஏஜென்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது என்று பெருமைப்பட்டேனே, அது ஒன்றரை வயதுக்குத் தைத்த சட்டை. மூன்று வயது நான்கு மாதத்துப் பெண் அதைப் போட்டுக்கொண்டு, கையும் நீளமாகாமல் கழுத்தும் இறுகாமல், போட்டோவில் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் போனில் "ஜெயிச்சிட்டியாமே?" என்றார். ஆமாம் என்றேன்.

உத்தரவு பிறகு தபாலில் வந்தது, நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், இறக்குமதியாளர் தம் பகுதியிலுள்ள சில குழந்தைகளின் உயரம் பற்றிக் கூறியவை இந்த வழக்குக்குத் தொடர்பற்றவை என்று ஒரு வரி இருந்தது. சட்டப்படி சரியான வரிதான். என்னால் அதில் ஒரு குற்றமும் காண முடியவில்லை.

சரக்கு வந்தது. விற்கவும் செய்தது, ஆனால் சண்டையோடு. மூன்று என்ற எண்ணைப் பார்த்து மூன்று வயதுப் பிள்ளைக்கு எடுத்துப்போனவர்கள் மறுநாளே திரும்பி வந்தார்கள். "தலையே நொழையலங்க" என்று ஒருவர் சட்டையை மேசையில் விட்டெறிந்தார். அவரிடம் லேபிளில் இருப்பது வயதில்லை என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. "வயசு இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு மூணுன்னு போடுறான்?" என்று கேட்டார். சுங்க அதிகாரிக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த மாதம் டீச்சர் கடைக்கு வந்தார். அளவுப் பட்டியலைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போனவர், பதினெட்டு மாதத்தில் நிறுத்தினார்.

"இந்த மாசம் உள்ளதயே ஏத்திர்றேன்க்கா" என்றார் கடைசியில். "போன் வந்தா வரட்டும்."

வந்ததாம். ஒரே மாதத்தில் பிள்ளைகள் உயரத்தில் எப்படிக் குறைந்தார்கள் என்று கேட்டார்களாம். நேரில் வந்து அளந்து பாருங்கள் என்றிருக்கிறார். ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள், அளந்தார்கள், குறைவாகத்தான் இருந்தது. கூடிப் பேசி, பலகை பழசாகிவிட்டது, அதுதான் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவு செய்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதுப் பலகை அனுப்பினார்கள். புதுப் பலகையும் அதையே காட்டியது. அதன் பிறகுதான் ஒரு டாக்டர் அம்மா மலையேறி வந்து பிள்ளைகளின் கண்ணையும் நாக்கையும் பார்த்திருக்கிறார். இருவருக்கு ரத்தம் குறைவு. அந்தப் பெண் குழந்தைக்கு வயிற்றில் பூச்சி. மருந்து கொடுத்தார்கள். சென்டரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் கூடுதலாக இரண்டு முட்டை எழுதிக் கொடுத்தார்கள்.

"முட்ட வருதா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"வருதுக்கா. மழ பேஞ்சி ரோடு அடச்சிகினா மட்டும் வராது" என்றவர், மகனுக்கு எடுத்த டிரவுசரை இடுப்பில் வைத்து நீட்டிப் பார்த்து, ஒரு அளவு பெரிதாகக் கொடுக்கச் சொன்னார்.